நாப்பது படி ஏறி யாரு வருவா?

போன இதழ்ல டவுன் கான் அடைபடுறத பத்தி எழுதிட்டு, கடைசியில சும்மா ஒரு வரியா "நம்ம டவுன்கள்ல ரோட்டக் கடக்குறதே ஒரு சர்க்கஸ்"னு போட்டுட்டேன். அவ்வளவுதான், வந்த கடிதாசி, வாட்ஸ்அப், வொய்ஸ் மெசேஜ் எல்லாமே நடந்து போறவங்க ரோட்டுக்கு மேலால கடக்குற ஓவர்ஹெட் பிரிட்ஜ் பத்தித்தான். ரோட்டு வேலையில டீஓவா, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து பென்சன் வாங்குறவன்ங்கிறதால எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பேன்னு நெனச்சிட்டீங்க போல. தெரிஞ்சத சொல்றேன்.

எங்க ஸ்கூல் மெயின் ரோட்டு ஓரத்துல இருக்கு. ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டா பிள்ளைங்க பஸ்ஸு, கொழுந்து லொறி, ஆட்டோ எல்லாத்துக்கும் நடுவுல புகுந்து ஓடுதுங்க. பழைய மாணவர்கள் காசு சேத்து ஒரு மேம்பாலம் போட்டுத் தரலாம்னு சொல்றாங்க. நல்லதுதானே சேர்?
– ஹட்டன் பக்கம் ஒரு டீச்சர்

நல்லதுதான் டீச்சர், ஆனா உண்டியல் குலுக்க முன்னால ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ரோட்டுக்கு மேல பாலம்னா அதுக்கடியில பாரம் ஏத்தின லொறி போகணும், தேர் போகணும், அதனால ரோட்டுல இருந்து பாலத்து அடி வரைக்கும் அஞ்சு அஞ்சரை மீட்டர் விடுவாங்க. அதுக்கு மேல பீம், தட்டு எல்லாம் சேத்தா நீங்க கால் வைக்கிற எடம் சுமார் ஆறு மீட்டர் உசரத்துல இருக்கும். ஒரு படி 15 சென்டிமீட்டர்னா நாப்பது படி. ஏற நாப்பது, எறங்க நாப்பது. கீழ ரோட்டோட அகலம் ஏழு மீட்டர்தான், வாகனம் இல்லாத நேரம் பத்து எண்ணுறதுக்குள்ள கடந்துடலாம். இப்ப ஒன்றரைக்குப் பசியோட வர்ற பிள்ளை எத தேர்ந்தெடுக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இத நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லல, பட்டுச் சொல்றேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு டவுன்ல (பேரு வேணாம்) பாலம் ஒண்ணு வந்துச்சு, எடம் அளந்தவங்கள்ல நானும் ஒருத்தன். பஸ் நிக்கிற எடத்துக்கு நேரா படிக்கட்டு எறக்க நெலம் கெடைக்கல, கொஞ்சம் தள்ளி கவர்ன்மென்ட் நெலம் இருந்துச்சு, சரி அங்கயே போட்டுடலாம்னு போட்டாச்சு. குத்துவிளக்கு ஏத்தி, பாற்சோறு குடுத்து, ரிப்பன் வெட்டி அமர்க்களமா தெறந்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு சம்பள நாள் அன்னிக்கு போய்ப் பாக்குறேன், டவுனே நெறஞ்சு வழியுது, பாலத்துல ஏறுனவங்கள விரல் விட்டு எண்ணலாம், அதுலயும் பாதி மேல நின்னு போட்டோ எடுக்குற பொடியன்க. படிக்கட்டுக்கு அடியில ஒரு அக்கா கீரைக்கட்டு விக்கிறாங்க, மேல ரெண்டு நாய் வெயில் காயுது. கோதுமை மா மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ரோட்டக் கடக்க நின்ன ஒரு கிழவிகிட்ட, அம்மாயி பாலத்துல போனா என்னன்னு கேட்டுட்டேன். அது என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏஞ்சாமி, நாள் பூரா மலையில ஏறி எறங்கிட்டு வர்றேன், டவுனுக்கு வந்தும் ஏறச் சொல்றியா?"ன்னுச்சு. அன்னிக்கு எனக்கு வெளங்கின அளவுக்கு எந்த ட்ரெய்னிங்லயும் வெளங்கல.

அதனால நான் சொல்றது இதுதான். கொழும்புல, மெட்ராஸ்ல தரை சமதரை, அவங்களுக்கு வேற வழி இல்ல, படியோ லிஃப்டோ வச்சுத்தான் ஆகணும். நமக்கு அப்படி இல்ல. நம்ம டவுன்ல ரோடே மலையச் செதுக்கிப் போட்டது, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், மேட்டுல இருக்குற கோயில் வாசல், ஸ்கூல் மைதானம் எல்லாம் ரோட்டுல இருந்து அஞ்சாறு மீட்டர் மேலதான் கெடக்கு. அந்த மேட்டுல இருந்து நேரா பாலத்த நீட்டினா ஒரு பக்கத்துப் படி மிச்சம், பிள்ளைங்க மைதானத்துல நடக்குற மாதிரியே நடந்து வந்து எதிர்ப்பக்கம் எறங்கினா போதும். எறங்கத்தான் வேணும்னா யாரும் அலுத்துக்க மாட்டாங்க. உங்க ஸ்கூல் மேட்டுப்பக்கமா பள்ளத்துப்பக்கமான்னு நீங்க எழுதல. மேட்டுப்பக்கம்னா காசு சேருங்க, பாலம் போடுற யோசனையில அர்த்தம் இருக்கு. பள்ளத்துப்பக்கம்னா அந்தக் காச வேற வேலைக்கு வைங்க, அத ஆட்டோ தம்பிக்குச் சொல்ற பதில்ல பாருங்க.

மேட்டுல இருந்து நீட்டுறதுலயும் ஒரு பயம் இருக்கு. பாலத்தோட கால் நிக்கிற எடம் வெட்டின மண்ணா, கொட்டி நெரவின மண்ணான்னு பாக்கணும். கொட்டின மண்ணு ரெண்டு மழைக்கு எறங்கிடும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள பகுதின்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து பாத்து அறிக்கை குடுக்காம ஒரு கல்லும் வைக்காதீங்க. அப்புறம் பிள்ளைங்க பாலம்னா கைப்பிடிக் கம்பிய நெட்டுக்குத்தாத்தான் வைக்கணும், படுக்கவாட்டுல வச்சா அது ஏணி, ஏறாம விடுமா? கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டருக்கு மேல எடைவெளி விடாதீங்க.

பாலம் இருக்கிற எடத்துலயும் சனம் கீழயேதான் பாயுது. மேல போகாதவங்களுக்கு ஃபைன் அடிச்சா என்ன? பிரேக் அடிச்சு அடிச்சு எங்களுக்குத்தான் செலவு.
– பண்டாரவளையில இருந்து ஒரு ஆட்டோ டிரைவர்

தம்பி, பிரேக் சூ மாத்துற செலவு எனக்கும் தெரியும், நானும் பழைய பைக் வச்சிருக்கேன். ஆனா கொஞ்சம் திருப்பிப் பாருங்க. வண்டியில உக்காந்திருக்கிற நாம ஒரு இன்ச் கூட ஏற வேணாமாம், நடந்து வர்ற வயசானவங்கதான் எண்பது படி மிதிக்கணுமாம், மிதிக்கலன்னா ஃபைனாம். என்னா நாயம் இது?

ரோட்டு நடுவுல ஆளுயரத்துக்கு வேலி போட்டா சனம் மேல போகும்னு சில பேர் சொல்வாங்க, கொஞ்சம் உண்மைதான், ஆனா வேலி முடியிற எடத்துல போய்க் கடப்பாங்க, அது வளைவுல இருந்தா இன்னும் மோசம். டவுனுக்குள்ள காரு, பஸ்ஸுக்கு நம்ம வேக எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்துல வண்டி ஒரு செக்கனுக்கு 14 மீட்டர் போகுது, அதாவது நீங்க ஆளக் கண்டு கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒரு பஸ்ஸு நீளத்துக்கு மேல ஓடி முடிஞ்சிருக்கும். 30ல போனா எட்டு மீட்டர்தான், அப்பவும் இடிபட்டா பெரும்பாலும் ஆள் உயிரோட எழும்புவார். அதனால ரெண்டு பக்கமும் ரோட்ட ஒடுக்கி, சனம் கடக்குற மஞ்சக் கோட்டக் கொஞ்சம் மேடாக்கி, அதாவது கோடே ஒரு ஸ்பீட் பிரேக்கர் மாதிரி இருக்கணும், மேல நல்ல லைட் ஒண்ணு போட்டா, நம்ம டவுன் ரோட்டுல முக்காவாசி எடத்துக்கு அதுவே போதும். பாலம் போடுற காசுல அப்படி எத்தனையோ போடலாம். நாலு லேன் ரோடு, நிக்காம ஓடுற வண்டின்னா அப்ப பாலத்த பத்தி யோசிக்கலாம். மலைநாட்டுல அப்படி ரோடு எத்தனை இருக்கு சொல்லுங்க.

(டீச்சர், உங்க ஸ்கூல் பள்ளத்துப் பக்கம்னா இதுதான் உங்களுக்கும்.)

எங்க தோட்டத்து ஆத்துல தொங்கு பாலம் இருக்கு, நாலு பேர் போனாலே ஆடும். டவுன்ல இரும்புப் பாலத்துல நடக்கும்போதும் லேசா அதிருது. ஆடுனா ஒடஞ்சிடுமா? ஏன் ஆடுது?
– பதுளை, ஏ.எல். படிக்கும் மாணவி

இந்தக் கேள்விக்குத்தான் மகள் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

ஊஞ்சல்ல தங்கச்சிய வச்சுத் தள்ளியிருப்பீங்க. பலமாத் தள்ளணும்னு இல்ல, அது திரும்பி வர்ற நேரம் பாத்து மெதுவாத் தள்ளினாலே போகப் போக உசரமாப் போகும். பாலத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் இருக்கு. நாம சாதாரணமா நடந்தா செக்கனுக்கு கிட்டத்தட்ட ரெண்டு காலடி. பாலத்தோட மேல கீழ ஆடுற தாளமும் செக்கனுக்கு ரெண்டுன்னு அமைஞ்சிட்டா ஒவ்வொரு காலடியும் ஊஞ்சலத் தள்ளுற கை மாதிரி. அதான் டிசைன் பண்றவங்க பாலத்த நல்லா விறைப்பாக்கி அந்தத் தாளத்த செக்கனுக்கு அஞ்சுக்கு மேல தூக்கப் பாப்பாங்க. அதுக்குக் கீழ வந்தா தனியா கணக்கு பாக்கணும்.

1831ல இங்கிலாந்துல புரோட்டன்னு ஒரு எடத்துல தொங்கு பாலத்துல பட்டாளத்துக்காரங்க கால் தட்டி மார்ச் பண்ணிப் போக பாலமே விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் பாலத்துல போகும்போது தாளத்த விட்டுட்டு அவனவன் இஷ்டத்துக்கு நடங்கடான்னு பட்டாளத்துல ஆர்டர் போட்டாங்க.

ஆனா பெரிய வேடிக்க லண்டன்லதான். தேம்ஸ் ஆத்துக்கு மேல மிலேனியம் பிரிட்ஜ்னு நடக்குறவங்களுக்கு மட்டும் ஒரு பாலம், உலகத்துல பேர் போன எஞ்சினியர்மாரும் ஆர்கிடெக்ட்டும் சேந்து போட்டது. 2000 ஜூன் 10ல தெறந்தாங்க, சனம் அள்ளிக்கிட்டு வந்துச்சு, பாலம் மேல கீழ இல்ல, பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டே நாள்ல மூடிட்டாங்க. நடந்தது என்னன்னா, வலது கால் வைக்கும்போது நாம லேசா வலப்பக்கம் தள்ளுறோம், இடது காலுக்கு இடப்பக்கம், அப்ப பக்கவாட்டுத் தள்ளு செக்கனுக்கு ஒரு தரம் வருது. பாலத்தோட பக்கவாட்டுத் தாளமும் கிட்டத்தட்ட அதே கணக்கு. கொஞ்சமா ஆடுனதும் ஆளுங்க விழாம இருக்க கால அகட்டி ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி நடந்தாங்க, அப்படி நடக்க நடக்க எல்லாரும் ஒரே தாளத்துக்கு வந்துட்டாங்க, யாரும் சொல்லிக் குடுக்காமலே. ஆட்டம் கூடிருச்சு. தோட்டத்துத் தொங்கு பாலத்துல ஆட்டம் வந்ததும் நீங்களும் கால அகட்டித்தானே நடப்பீங்க, அதே கதைதான். கடைசியில அடியில 37 எண்ணெய் டேம்பரும், அது தவிர ஸ்பிரிங்ல தொங்குற கனமான பாரம் அம்பதுக்கு மேலயும் மாட்டி 2002 பெப்ரவரியில திரும்பத் தெறந்தாங்க. எண்ணெய் டேம்பர்ன்னா வேற ஒண்ணுமில்ல, பைக்குல ஷொக் அப்சோர்பர் இருக்கே அதோட பெரிய அண்ணன்.

உங்க கேள்விக்கு நேர் பதில்: லேசா அதிருறதால ஒடஞ்சிடாது. ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ வரைக்கும் சனம் நெறஞ்சு நிக்கும்னு வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க, அது தேர் பாக்க முண்டியடிக்கிற கூட்டத்துக்கும் மேல. ஆனா தோட்டத்துத் தொங்கு பாலம் எந்தக் காலத்துல யாரு கட்டினதோ, கம்பி எத்தனை வருஷமா மழையில நனையுதோ. அதுல கும்பலாப் போகாதீங்க, நடுவுல நின்னு ஆட்டி வெளாடுற பொடியன்கள நல்லா ஏசுங்க.

என் மகனுக்கு நடக்க முடியாது, வீல் செயார்தான். டவுன்ல பாலம் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க. சாய்தளம் வைக்கச் சொல்லிக் கேக்கலாமா?
– லிந்துலையில இருந்து ஒரு தாய்

கேக்கலாம் தங்கச்சி, கட்டாயம் கேக்கணும், அது சலுகை இல்ல, உரிமை. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளோட உரிமைக்குன்னே வந்தது, பொது எடத்துக்கு அவங்க போய்வர வசதி வைக்கணும்னு 2006ல ஒழுங்குவிதியும் வந்துச்சு.

ஆனா சாய்தளத்தோட கணக்கயும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுக் கேளுங்க. ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேணும், அதுக்கு மேல செங்குத்தாப் போனா தள்ளுறவங்களுக்கு நெஞ்சு அடைக்கும், எறங்கும்போது நாற்காலி கைய விட்டு ஓடும். ஆறு மீட்டருக்கு 72 மீட்டர், நடுவுல மூச்சு வாங்க தட்டு வைக்கணும், அதையும் சேத்தா ஒரு பக்கத்துக்கு மட்டும் எண்பது மீட்டருக்கு மேல. நம்ம டவுன்ல அவ்வளவு எடத்துக்கு எத்தனை கடைய ஒடைக்கிறது? அதனால லிஃப்ட் வச்சிடுவோம்னு சொல்வாங்க. லிஃப்ட் நல்லதுதான், கரண்ட் இருந்தா, பழுது பாக்க ஆள் இருந்தா, சாவி வச்சிருக்கிறவர் டீ குடிக்கப் போகாம இருந்தா. கொழும்புலயே லிஃப்ட் வச்ச பாலத்துல லிஃப்ட் ஓடாம நிக்கிறத நான் பாத்திருக்கேன்.

நீங்க மனுவுல எழுத வேண்டியது "பாலம் வந்தாலும் கீழ மஞ்சக் கோட்ட அழிக்காதீங்க"ங்கிறதுதான். பாலம் வந்ததும் முதல் வேலையா கோட்ட அழிச்சிடுவாங்க. அப்படி நடந்தா உங்க மகனுக்கு முன்னால இருந்த வழியும் போச்சு.

பாலத்துக்குக் கூரை தேவையா? வீண் செலவுன்னு எங்க ஊர்ல ஒரு கட்சி.
– மஸ்கெலியா வாசகர்

மஸ்கெலியாவுல இருந்துகிட்டு இந்தக் கேள்வியக் கேக்குறீங்களே! வைகாசியில ஆரம்பிச்சா விடாம ஊத்துற ஊருக்கு கூரை இல்லாத பாலம் எதுக்கு. மழைய விட மோசம் பாசி. நெழல் விழுற படியில பச்சையாப் படிஞ்சிடும், பாட்டா செருப்போட கால் வச்சீங்கன்னா நேரா கீழதான். இரும்புத் தகடுன்னா கோடு கோடா மேடு வச்ச தகடா இருக்கணும், கொங்கிரீட்டுன்னா சொரசொரப்பா விடணும், டைல் மட்டும் ஒட்ட விடாதீங்க, பாக்க அழகா இருக்கும், மழை நாள்ல எலும்பு முறியும். தண்ணி ஓட லேசா சரிவு வேணும், அந்தத் தண்ணியும் கீழ போறவன் தலையில விழாம பைப்புல எறங்கணும்.

கூரை போட்ட பாலம் நமக்குப் புதுசும் இல்ல. ஹாலிஎல பக்கம் போகொடன்னு ஒரு எடம், அங்க ஓடு வேஞ்ச பழைய மரப்பாலம் இன்னும் நிக்குது, நடந்து போறவங்களுக்காக அந்தக் காலத்துல கட்டினது. மரம் மழையில ஊறாம அத்தனை காலம் நின்னதுக்கு அந்த ஓடும் ஒரு காரணம்னு நான் நெனக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கூரை போடுங்க, ஆனா பக்கத்துல வெளம்பரத் தகடு அடிக்க விடாதீங்க. ஃபோன் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி எல்லாம் வந்து நாங்களே கட்டித் தர்றோம்னு சொல்லி ரெண்டு பக்கமும் மறைச்சு அடிச்சிடுவாங்க, அப்புறம் மேல நடக்குறது ரோட்டுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு மேல, பனியும் மூடிட்டா, எந்தப் பொம்பளப் பிள்ளை தனியா அதுல ஏறும்? எங்க வீட்டுக்காரியக் கேட்டேன், "நாலு பேர் கண்ணுக்குத் தெரியிற ரோட்டுல வண்டிக்குப் பயந்துக்கிட்டுப் போறது மேல்"ன்னாங்க.

மேல ஏறுறதுக்குப் பதிலா கீழ தோண்டினா என்ன?
– கண்டி வாசகர்

உங்க ஊர்லதான் தோண்டி வச்சிருக்காங்களே, மழை நாள்ல போயிருப்பீங்க. கணக்குப்படி சுரங்கப் பாதைதான் நடக்குறவனுக்கு லாபம், ஏன்னா லொறி உசரம் தேவையில்ல, மனுச உசரம் போதும், மூணு மூணரை மீட்டர் எறங்கினா சரி, படி பாதியாக் கொறையும். ஆனா மலைநாட்டுல தண்ணி மேல இருந்தும் வரும், மண்ணுக்குள்ள ஊத்தாவும் வரும், பம்ப் நின்னா கொளம். லைட் போனா அதுவும் கஷ்டம். ரோடு மேட்டுல ஏறி, ரெண்டு பக்கமும் பள்ளமா இருக்குற எடம் கெடச்சா மட்டும் அருமையான யோசனை.

ஹொங்கொங்ல மலைக்கு எஸ்கலேட்டர் இருக்காமே? நமக்கும் வருமா?
– நானுஓயா, "கனவு காண்பவன்"

இருக்கு. 1993ல தெறந்தது, 800 மீட்டருக்கு மேல நீளம், 135 மீட்டர் ஏத்தம், நடுவுல ரோடு ரோடாத் தாண்டிப் போகுது. காலையில வேலைக்குப் போறவங்களுக்காகக் கீழ எறங்கும், பிறகு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் மேல ஏறும். இதத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன், மலையும் பாலமும் ஒரே வேலையாப் பாத்தவங்க அவங்க. சென்னையில 2023ல மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 570 மீட்டருக்கு ஒரு ஆகாய நடைபாதை போட்டாங்க. ரயில்ல எறங்கிறவன் எப்படியும் ஸ்டேஷன் பாலத்துல ஏறித்தான் ஆகணும், ஏறினவன அப்படியே மேலயே கூட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. நமக்கு எஸ்கலேட்டர் வருமான்னா, தம்பி, முதல்ல லயத்துக்கு ரோடு வரட்டும்.

எங்க டவுன் பாலத்துல துரு ஏறிக் கெடக்கு, கீழ ஒரு படி ஓட்டையாயிடுச்சு. யாருகிட்ட சொல்றது? பயப்படணுமா?
– தலவாக்கலை கடைக்காரர்

உங்க மெயின் ரோடு ஏ7, அவிசாவளையில இருந்து நுவரெலியாவுக்குப் போறது. ஏ, பி ரோடுன்னா வீதி அபிவிருத்தி அதிகார சபை. உள்ளூர் ரோடுன்னா நகர சபையோ பிரதேச சபையோ. பாலத்த யாரு பாக்குறதுன்னு தெரியலன்னா ரெண்டு பேருக்கும் எழுதுங்க, ஒருத்தர் மத்தவர் தலையில போடுறதுக்குள்ள நீங்க பிரதிய மத்தவருக்கு அனுப்பியிருக்கணும். போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைங்க.

பயப்படணுமான்னா, ஓட்டைப் படிய விட எனக்கு அந்தப் படி தூணோட சேர்ற எடம்தான் கவலை. தண்ணி தேங்கி நிக்கிறது அங்கதான், பெயின்ட் உப்பி நிக்கும், ஒரு குச்சியால தட்டினா சத்தமே மாறும். மேல பெயின்ட் அடிச்சு மறைக்கிறது ரிப்பேர் இல்ல.

வெடிப்பு கண்டா இன்னும் உஷாரா இருக்கணும். 2018 மார்ச்ல அமெரிக்காவுல மயாமியில ஒரு யூனிவர்சிட்டிக்கு முன்னால, எட்டு லேன் ரோட்டுக்கு மேல புதுசா நடைப்பாலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பெரிய பெரிய வெடிப்பு, எல்லாரும் பாத்திருக்காங்க, போட்டோ எடுத்திருக்காங்க, அன்னிக்குக் காலையில அதப் பத்தி கூட்டமே போட்டிருக்காங்க. ஆனா கீழ ரோட்ட மட்டும் மூடல. அன்னிக்கே விழுந்துச்சு, ஆறு பேர் போயிட்டாங்க, அஞ்சு பேர் கீழ வாகனத்துல இருந்தவங்க. கணக்குல விட்ட பிழைன்னு விசாரணையில பிறகு சொன்னாங்க. மேசையில விட்ட பிழைய யாராலயும் அன்னிக்குத் திருத்தியிருக்க முடியாது, ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு பீப்பா வச்சிருக்க முடியும்.

உங்க ஓட்டைப் படிக்கு, கடிதம் போய்ச் சேருற வரைக்கும், கடையில இருக்குற காலி பெட்டி ஒண்ண எடுத்துக் குறுக்க வைங்க. சிவப்புத் துணி இருந்தா மேல கட்டிடுங்க.